மானிப்பாய் மைதானத்தில் ஒரு தீர்ப்பு

மானிப்பாயில் எங்கள் பஸ் ரயர் வெடித்து நிற்கிறது. பக்கத்து மைதானத்தில் ஊர் ஹொக்கிக் கழகத்தின் கூட்டம். நேற்று மூன்றாவது முறையாக இறுதி ஆட்டத்தில் தோற்றிருக்கிறார்கள். ஆறு வருடமாக ஆள் தேடிக் குழுவைக் கட்டிய மனேச்சர் சின்னத்தம்பி, தலை குனிந்து புல்லில் தனியே இருக்கிறார்.

"ஒரு கிண்ணமும் வரேல்லை. இனியும் இவர் வேணுமோ?" என்கிறார் கழகத் தலைவர்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்க்கிறேன். என்னருகே நிற்கும், குழுவின் கோல் காப்பவர் மெல்லக் கதைக்கிறார்: "நான் வல்வெட்டித்துறை, ஐயா. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை வேண்டாமெண்டு இஞ்சை எல்லாரும் சொன்னவை. மனேச்சர் அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்து, தன்ரை வீட்டிலை தனக்குப் பக்கத்திலை இருத்திச் சோறு போட்டவர்."

"அதை அங்கே போய்ச் சொல்லுங்களேன்," என்கிறேன்.

"எனக்குச் சபையிலை கதைக்க வராது."

ஆனாலும் போகிறார். மனேச்சருக்குப் பக்கத்தில் அமர்கிறார். சற்று நேரத்தில் இன்னொரு ஆட்டக்காரர் எழுந்து அங்கே போய் அமர்கிறார். பிறகு குழு முழுவதும் அவரைச் சுற்றி இருக்கிறது.

தலைவர் சிரித்துவிடுகிறார். "சரி, நீரே மனேச்சரா இரும்."

மனேச்சர் சால்வையால் கண்ணைத் துடைக்கிறார்.

"இடப்பக்கத்திலை ஓடி ஆடக்கூடிய ஒருத்தன் வேணும்," என்கிறார். "சாவகச்சேரியிலை ஒருத்தன் இருக்கிறானாம். நாளைக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்."