அட்டையில் எழுதிய ரத்தம்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருபது வருடமாக நிற்பவருக்கு ‘அபூர்வம்’ என்று பட்டப்பெயர். அடையாள அட்டைக்கு ரத்த வகை கேட்டபோது, தெரியாது என்று சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ‘ஓ நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தார். எழுதுவதென்று ஆன பிறகு மட்டமானதாக எழுதுவானேன்? அபூர்வ ரத்தக்காரர் என்று அன்றிலிருந்து கேன்டீனில் முதல் டீ அவருக்குத்தான்.

ஒரு மதியம் மெஷின்மேன் ஓடி வந்தான். “அண்ணே, கிளம்புங்க! பிரசவத்துல என் பொண்டாட்டிக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் வேணுமாம். ஆஸ்பத்திரியில இல்லையாம்!”

அபூர்வம் கணக்குப் போட்டார். பேசாமல் வண்டியில் ஏறினால் அங்கே போய்த்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் அரை மணி நேரம் வீணாகிவிடும்.

“தம்பி, அது பொய்டா. என் வகை என்னன்னே எனக்குத் தெரியாது.”

மெஷின்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “இத்தனை நாள் குடிச்ச டீயக் கக்குய்யா!” என்று கத்தினார் ஃபோர்மேன்.

பைண்டிங் பிரிவு அக்கா கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் அட்டையில் ரத்த வகை எழுதும் இடம் காலி.

“எனக்கு அந்த வகைதான். ஊசிக்குப் பயந்து எழுதாம விட்டேன். இந்த மனுஷனே எல்லார் முன்னாடியும் மானத்த விட்டுட்டாரு, எனக்கு ஒரு குத்துதானே? வண்டிய எடுடா!”

தாய் பிழைத்தாள். முதல் டீ இப்போது அக்காவுக்கு. பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்து, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் வகை ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்த அபூர்வம், கையில் பஞ்சோடு டீ வரிசையின் கடைசியில் நின்றார்.