எல்லைக்கு வெளியே

எங்கள் வீட்டில் அதிகமாக ஏச்சு வாங்கிய பெண் ஒருத்தி உண்டு. அவளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் என்ன கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பாள். இன்றைக்கும் அவள் குரல் கேட்டால் எனக்கு எரிச்சல்தான். வாயைத் திறந்ததுமே கட் பண்ணிவிடுவேன்.

ராமநாதபுரத்துக்கும் கடலுக்கும் நடுவில், இரண்டுக்கும் ஒட்டாத ஊர் எங்களுடையது. மிளகாயும் மானாவாரி நெல்லும்தான் பிழைப்பு. ஊர் முழுசுக்கும் பஸ் நிறுத்தத்தில் ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அய்யா வயர் இல்லாத போன் ஒன்று வாங்கிவந்தார். பார்க்கப் பழைய போன் மாதிரியே மேஜையில் இருக்கும். ஆனால் ஓட்டுக்கு மேலே மூங்கிலில் ஏரியல் கட்டி, டவர் இருக்கும் திசைக்குத் திருப்பிவைத்தால்தான் பேசும். காற்றடித்தால் மூங்கில் திரும்பிக்கொள்ளும், பேச்சும் நின்றுபோகும். அந்தப் போன் வந்ததே அத்தைக்காகத்தான்.

அத்தை அய்யாவின் தங்கை. உள்ளூரிலேயே, எங்களுக்கு அடுத்த வீட்டில் வாக்கப்பட்டவள். அவள் புருஷன், எங்கள் மாமா, மழை பொய்த்துப் பொய்த்து மிளகாய் கருகியதில் வெறுத்துப்போய், ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குக் கூலியாகப் போய்விட்டார். கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தெரியாத மனுஷன். போன சூட்டோடு ஒரு செல்போன் வாங்கினார். அதைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் கடலுக்குப் போவார். அத்தைக்கு நம்பர் அமுக்கத் தெரியாது. அது என் வேலை.

முதல் தடவை அவர் கடலில் இருக்கும்போது போட்டுக்கொடுத்தேன். “நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்” என்றாள் அந்தப் பெண்.

எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போனவரைப் பற்றிப் பேசும்போது எல்லை என்றால் ஒரே அர்த்தம்தான். நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற கோடு. அதைத் தாண்டிப் போனவர்கள் அந்தக் கரை ஜெயிலில் கிடப்பார்கள். சில பேர் திரும்பி வராமலே போனதும் உண்டு. அத்தை ரிசீவரைப் போட்டுவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“எல்லையத் தாண்டிட்டாகளாம்ல! அந்தப் பொண்ணே சொல்லுது!”

ஊரே கூடிவிட்டது. கருப்பசாமிக்குக் கிடாய் நேர்ந்தார்கள். மறுநாள் மாமா கையில் மீன் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, என்ன கூட்டம் என்று கேட்டார். அது கடல் எல்லை இல்லை, டவர் எட்டுகிற எல்லை என்று அய்யா அத்தைக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நேர்ந்த நேர்ச்சை நேர்ந்ததுதான் என்று கிடாய் வெட்டித் தின்றோம். அதற்கப்புறம் மாமா காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு கருவக்காட்டுப் பக்கம் போனால்கூட, “எல்லைக்கு வெளிய போயிருக்காக” என்று தெருவில் கேலி பேசுவார்கள். அத்தையும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் பேய்க்காற்றில் அந்தப் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை இன்னொரு படகு தூக்கிவந்துவிட்டது. மாமா மட்டும் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக மிதந்து போனார், அதற்கப்புறம் பார்க்கவில்லை என்றார்கள். அய்யா ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அத்தை என்னைக் கூப்பிட்டு நம்பரைப் போடச் சொன்னாள். அந்தப் பெண் அதே வார்த்தையைச் சொன்னாள்.

அத்தை அழவில்லை. “கேட்டியாண்ணே? எல்லைக்கு வெளிய இருக்காகளாம். அந்தக் கரையில ஒதுங்கியிருப்பாக. பிடிச்சு வச்சிருப்பாங்க, விட்ருவாங்க” என்றாள். டவர் எல்லை, கடல் எல்லை என்று முன்பு அவ்வளவு விளக்கிய அய்யா இப்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தைக்கு நம்பர் போட்டுக்கொடுப்பேன். கொஞ்ச நாளில் அந்தப் பெண் பேச்சை மாற்றினாள். போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள். அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. “அணைக்கிறதுக்கு ஒரு கை வேணும்ல?”

கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் வந்து பேசினார்கள். அத்தை அவர்களை வாசலோடு அனுப்பினாள். பூவும் பொட்டும் அப்படியே இருந்தன. ஊர்ப் பெண்கள் அவளிடம் குங்குமம் வாங்கத் தயங்கினார்கள், வாங்காமல் வரவும் பயந்தார்கள். அவளுக்கு அது தெரிந்தே இருந்தது.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. எங்கள் கண்மாய்க்கரையிலேயே டவர் வந்தது. அத்தை நாள் முழுக்க வெயிலில் நின்று, ஏறி வேலை செய்தவனிடம் அது எதுவரைக்கும் எட்டும் என்று கேட்டாள். கடல் வரைக்கும் எட்டும் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அதற்கப்பால் எட்டாதா என்று கேட்டாள். மேஜைப் போனை மூட்டை கட்டிவிட்டு அய்யாவும் செல்போன் வாங்கினார். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் இப்போது சொன்னாள். வேறு நம்பர் மாற்றியிருப்பாக என்றாள் அத்தை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

பிறகு, முகம் பார்த்துப் பேசும் போன் வந்துவிட்டது என்று பஸ் நிறுத்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அத்தை என்னை அதன் முன்னால் நிறுத்தினாள்.

“ஏத்தா, இதுல போட்டா மொகம் தானாத் தெரியுமா? இல்ல, அங்கன இருக்கவுகளும் இதே போனு வச்சிருக்கணுமா?”

அவர்களும் வைத்திருக்கணும் என்றேன். “அப்பச் சரி” என்று நடந்துவிட்டாள்.

அடுத்த சில நாளில், வழக்கம்போல் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. “அத்த, ரிங் போகுது! ரிங் போகுது!” என்று கத்தினேன். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள். யாரோ ஒரு பையன். யாரு வேணும் என்றான். புதுசாக வாங்கின சிம், நேற்றுத்தான் போட்டேன் என்றான்.

அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவன் ஹலோ ஹலோ என்பதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“நல்லா இருய்யா” என்றாள் கடைசியில். “போனத் தண்ணிப் பக்கம் கொண்டு போயிராத.”

போனை அய்யாவிடம் நீட்டி, “கருமாதியச் செஞ்சிருங்கண்ணே” என்றாள். சொல்லிக்கொண்டே முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். அம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

நான் மட்டும் முழித்துக்கொண்டு நின்றேன். இத்தனை காலம் கிடைக்காத லைன் இன்றைக்குத்தானே கிடைத்தது, இதற்குப்போய் ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.