பாக்தாத் ரோட்டுக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

உலகத்துச் சண்டைகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆமத்தூரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவனே நான்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. எங்கே போர் மூண்டாலும் அடுத்த சீசனுக்குள் அந்த ஏவுகணையின் பெயரில் ஒரு ராக்கெட்டும், அந்த டாங்கியின் பெயரில் ஒரு வெடியும் வந்தாக வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அதனால் பேப்பரில் வரும் ஆயுதப் பெயர்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். பெயர் தெரிந்தால் விஷயமும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற ஆள் நான். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அமெரிக்காவைக் கிழி கிழியென்று கிழிப்பேன். கேட்கிறவர்களுக்கு டீ ஆறிப்போகும். எனக்கு மட்டும் ஆறாது.

அமெரிக்கப் படை ஈராக்கில் இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த பங்குனியில், எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். அதுவரை மாமியாரா மருமகளா என்றுதான் பேசுவார்கள். இந்தத் தடவை இளவட்டங்கள் ஒரே பிடியாக நின்று, 'ஈராக்கில் அந்நியப் படை நுழைந்ததால் விளைந்தது நன்மையா, தீமையா' என்று தலைப்பை வைத்துவிட்டார்கள். பேச ஆள் வேண்டுமே! நேராக என்னிடம் வந்தார்கள். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்காமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் சட்டென்று ஒத்துக்கொண்டேன்.

யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு 'நன்மையே' வந்தது. ஒரு வருஷமாக டீக்கடையில் தொண்டை கிழியக் கத்தியதற்கு நேர் எதிர்ப்பக்கம். மானமுள்ளவன் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பான். நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். என் வீட்டுக்காரி, "காலையில வரைக்கும் அவன வஞ்சீக, இப்பம் அவனுக்கே வக்காலத்தா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதாக்கும்?" என்றாள். மேடைத் தர்மம் உனக்குப் புரியாது என்றேன். இன்றுவரை எனக்கும் புரியவில்லை.

மேடையில் என்ன பேசினேன் என்பதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஜனநாயகம் என்றேன், விடியல் என்றேன். கூட்டம் கடலை உரித்துக்கொண்டிருந்தது. நடுவராக வந்திருந்த விருதுநகர்க் கல்லூரி வாத்தியார் மணியில் கை வைத்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. கையில் குறிப்பு எதுவும் இல்லை; வாய்தான் இருந்தது. "இன்றைக்கு பாக்தாத் ரோட்டில் லாரி எப்படிப் போகிறது தெரியுமா? நம் ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்குத் தீப்பெட்டி லோடு போவதுபோல் அலுங்காமல் குலுங்காமல் போகிறது!" என்றேன். முன்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். அடித்தவுடன் எனக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது. ரோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். ஓரத்தில் மரம் நட்டேன், டிரைவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். மணி அடிக்க அடிக்க லாரி ஓடிக்கொண்டே இருந்தது.

நடுவர் 'தீமையே' என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் கைதட்டு எனக்குத்தான் அதிகம். மைக்செட்காரரைப் பிடித்து, என் பேச்சை மட்டும் தனியாக ஒரு கேசட்டில் பதிந்து வாங்கினேன். எதிர்த்தரப்பையும் தீர்ப்பையும் எடுத்துவிட்டுக் கேட்டால் அது எவ்வளவு நல்ல பேச்சு!

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் வேலை செய்கிறவள். புருஷன் முன்பு அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தான். பிறகு டிரைவிங் பழகிக் குவைத்துக்குப் போனவன். "அண்ணே, அங்கன அவுக கம்பெனியில ஈராக்குக்கு லோடு அடிக்கக் கூப்புடுறாகளாம். ரெட்டைச் சம்பளமாம். அவுக பயப்படுறாக. வெள்ளிக்கிழமை போன் போடுவாக. இங்கன மருந்து ரூம்ல வெந்துறக் கூடாதுன்னுதான் அம்புட்டுத் தூரம் அனுப்புனேன். ரோடு நல்லாருக்குன்னு நேத்து சொன்னீகள்லா, நெசந்தானேண்ணே?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். 'அது மேடைக்குச் சொன்னதும்மா, அனுப்பாதே' என்றால் முடிந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி விசில் அடித்த மனுஷரும் அதில் ஒருவர். "மேடையேறி நான் பொய் பேசுவேனா தாயி?" என்றேன். அதோடு நிற்காமல் பையிலிருந்த கேசட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நான்கு நாளாகக் குளிக்காதவன் நாற்றம்போல என் அகம்பாவம் அன்றைக்கு பஸ் ஸ்டாப் முழுக்க அடித்திருக்க வேண்டும். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத் பக்கம் தற்செயலாகப் போனேன். தற்செயல் என்ன தற்செயல், பார்க்கத்தான் போனேன். அவள் டேப் ரிக்கார்டரைத் தூக்கி ரிசீவரோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தாண்டி என் குரல் கேட்டது. கடல் தாண்டிப் போகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேச்சு ஓடி முடிந்ததும் அவள் ரிசீவரில் ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. லாரிப் பகுதியில் கைதட்டல் சத்தம் தெளிவாக விழுந்ததா என்பதுதான் என் கவலை.

அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. பேப்பரில் லாரிகள் எரியத் தொடங்கின. படைக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாரிகளை வழிமறித்துக் கொளுத்துகிறார்கள், டிரைவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தினமும் செய்தி. அவனிடமிருந்து போன் நின்றுவிட்டது. நான் டீக்கடைக்குப் போவதை விட்டேன். அவள் தெரு வழியாகப் போகாமல் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பஸ்ஸுக்குப் போனேன். இருந்தும் ஒரு நாள் எதிரே வந்துவிட்டாள். "லாரிய எரிக்கிறாகன்னு பேப்பர்ல போட்டிருக்காம்லண்ணே?" என்றாள். "அது வேற ரோடும்மா" என்றேன். அடப்பாவி! ஈராக்கில் எத்தனை ரோடு என்று எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு ராக்கெட் லேபிள் ஒன்றுக்கு வாசகம் எழுத உட்கார்ந்து சாயங்காலம் வரை ஓர் எழுத்துகூட எழுத முடியவில்லை. மேனேஜர் வந்து, என்னய்யா உடம்புக்கு என்று கேட்டார். வாய்ப்புண் என்றேன்.

ஆவணியில் அவன் வந்து சேர்ந்தான். உயிரோடு வந்தான் என்று கேட்டதும் அச்சகத்துப் பின்பக்கம் போய் அழுதேன். பிறகு மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பேச்சுத் தயார் செய்தேன். ஆமாம், பேச்சு. அதற்கும் முன்னுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. கால் கிலோ ஆப்பிளோடு போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொல்லி முடித்தேன். நடுவில் குரல்கூடத் தழுதழுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் சிரித்த முகமாக இருந்தான். "அண்ணே, அந்தக் காது கேக்காது. இங்கிட்டு வந்து சொல்லுங்க" என்றான்.

எழுந்து அந்தப் பக்கம் போனேன். அப்போதுதான் இடது கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. தனக்கு முன்னால் போன லாரி வெடித்ததாம். அந்த லாரி டிரைவர் கடையநல்லூர்க்காரராம். பேச்சு மறந்துபோனது. "சீட்டுல வந்த பக்கத்தப் பேசுனேன் தம்பி. ரோட்டப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. கைதட்டுக்காகச் சொன்னது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அட, அத விடுங்கண்ணே. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில இருக்கு. போறியா மாட்டியான்னு எவன் கேட்டான்? நீங்க பேசாட்டியும் போயிருப்பேன்" என்றான்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது ஏமாற்றம். அவ்வளவு பெரிய பேச்சு ஒரு லாரியைக்கூட நகர்த்தவில்லையா என்று மனசு ஒரு நொடி சுணங்கியது. பிறகுதான் நிம்மதி வந்தது. ஐந்து மாதப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவள் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அவுக சும்மா சொல்லுறாகண்ணே. அங்கன கட்டாயமெல்லாம் இல்ல. இஷ்டமிருந்தா போலாம்னுதான் கேட்டுருக்காக. மாட்டேன்னு போன்ல அழுதாக. நாந்தான், அண்ணனே சொல்லிட்டாக, தைரியமாப் போங்கன்னேன்."

அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"ஆறுது, குடிங்கண்ணே" என்றாள்.

குடித்தேன்.