கோப்பாயில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்

போன வியாழக்கிழமை பின்னேரம் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன்.

சிரிக்காதீர்கள். கோப்பாயில்தான். பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்ற சாமானின் மணமே மறந்துபோன இந்தக் குடாநாட்டில்தான். அதுவும் இன்னும் கொழும்பிலேயே இறங்காத கார். ஐரோப்பாவில் இப்போதுதான் விற்பனைக்கு வந்த புத்தம் புதுசு. ஓட்டினேன்... கையால்!

வெயிலில் அலைந்து மண்டை பிசகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

என் கார்ப் பைத்தியத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். அச்சுத்தாள் கிடைக்காமல் பத்திரிகை கொப்பித் தாளில் அச்சாகத் தொடங்கிய நாளிலிருந்து ஆசிரியர் ஒரே பிடியாக நிற்கிறார் – "தாள் சுருங்கிப்போச்சு, புலம்பலையும் சுருக்கும்." நியாயம்தான். ஆனால் இதை எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் கூட்டம் கூடுகிற இடம் கனகு அண்ணையின் கராஜ். முன்பு அங்கே கார்கள் வரிசையில் நின்றன. இப்போது நிற்பது அவருடைய சொந்த ஏ-40 மட்டும். காபரேட்டருக்குள் மூடியளவு பெற்றோலை விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிற கார். ஓட்டம் இல்லாத நாட்களில் அதன் பின் சீற்றைக் கழற்றி வேப்பமரத்துக்குக் கீழே போட்டுவிடுவார். அதில் இருந்துதான் எங்கள் கதை. கனகு அண்ணை, நெல்லியடியிலிருந்து சைக்கிள் உழக்கி வருகிற சிவஞானம் மாஸ்ரர், நான். மூன்று பேரும் போவது சைக்கிளில். கதைப்பது ஸ்போர்ட்ஸ் கார். மனுசனுக்கு வேறு என்னதான் வேலை?

மாஸ்ரரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கார்ச் சஞ்சிகைகள் அனுப்புவார். அவை கொழும்புக்கு வந்து, யாராவது புண்ணியவானின் பையில் ஏறி, கிளாலிக் கடலைத் தாண்டி, உப்புத் தண்ணீரில் ஊறி எங்களிடம் வந்து சேரும். அப்படி வந்த ஒன்றில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தோம். ஒரு நாட்டில் அரசாங்கமே முதல் போட்டுத் தாங்கிப் பிடிக்கிற கார்க் கம்பனி. அவர்கள் தங்களுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை முழுக்கப் புது வடிவத்தில் செய்கிறார்களாம். கூடவே பென்சிலால் கீறிய ஒரு படம். நாட்டின் பெயரையும் கம்பனியின் பெயரையும் எழுதமாட்டேன். நமக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று அங்கே வேலை செய்கிறது, நமக்கேன் வம்பு?

அந்தப் படத்தை வைத்து நாங்கள் செய்த ஆராய்ச்சி இருக்கிறதே... வேறு எந்த ஊர்க் கார்ப் பைத்தியங்களும் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். எத்தனை மைல் வேகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கனகு அண்ணையின் முதல் கேள்வி, "மண்ணெண்ணெயிலை ஓடுமோ?"

மாஸ்ரர் சஞ்சிகையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து வாசித்தார். "காபரேட்டரே இல்லையாம் அண்ணை. எல்லாம் கொம்பியூட்டராம்."

"காபரேட்டர் இல்லையோ? அப்ப எதுக்குள்ளை பெற்றோலை விட்டுக் கிளப்பிறது?" கனகு அண்ணைக்கு முகம் செத்துப்போனது.

மாஸ்ரருக்குப் பிடித்தது மேல்கூரை. மடித்து வைக்கலாமாம். "சோக்கான சாமான்! குண்டு போட பொம்பர் வந்தால் கதவு திறந்துகொண்டு நிக்கத் தேவையில்லை, அப்பிடியே பாய்ஞ்சு பங்கருக்குள்ளை போகலாம்." நான் நிலத்துக்கும் காருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். நாலு விரற்கடை இருந்தாலே அதிசயம். குண்டும் குழியுமான எங்கள் வீதியில் முதல் கிடங்கிலேயே படுத்துவிடும். ஆனாலும் அது வரவேண்டும், அதன் முழுப் படத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு ஒரு தவிப்பு. வாங்கப்போவதில்லை, தொடப்போவதில்லை... பிறகு ஏன் தவிப்பு என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் சம்மாட்டியார் எங்களோடு வந்து சேர்ந்தார்.

பெயர் பத்திநாதர். குருநகரில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். அதனால்தான் சம்மாட்டியார். கடலுக்குத் தடை வந்தது, வீட்டில் ஷெல் விழுந்தது, இப்போது மனைவியோடு கராஜுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கடற்காற்றில் வளர்ந்த மனுசனுக்குத் தோட்டக் கிணறும் செம்மண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் கதையைக் கேட்டவர், ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு நேரே வந்தார்.

"தம்பியவை, உந்தக் கார் எப்ப வெளியிலை வரும்?"

எங்களுக்கு ஆச்சரியம். "சம்மாட்டியாருக்கும் கார்ப் பைத்தியமோ?" என்று கனகு அண்ணை பகிடியாகக் கேட்டார்.

"எனக்கென்ன காரும் கீரும்! என்ரை மகன் அன்ரன் உந்தக் கம்பனியிலைதான் கதவு பொருத்திறான். மொடல் மாறேக்கை பக்டறியைக் கொஞ்ச நாள் மூடுவினமாம். அப்பதான் அவனுக்கு நீண்ட லீவு. இஞ்சை வரேலாது, திருச்சிக்கு வாறனெண்டு எழுதியிருக்கிறான். நாங்கள் எப்பிடியும் கடல் தாண்டி அங்காலை போய்ச் சேர்ந்தால் பாக்கலாம். எட்டு வருசம் தம்பி... மீசை முளைக்காத பெடியனாய்ப் போனவன்."

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் நாலு பேர். அந்தக் கார் எப்போது வரும் என்று எங்கள் மூவரையும்விட அதிகமாகத் தவித்தவர், கியர் எது கிளச் எது என்று தெரியாத அந்தப் பெரியவர்தான்.

கார் இலேசில் வந்துவிட்டதா? இல்லை. ஒரு சஞ்சிகையில் 'அடுத்த வசந்தத்தில்' என்றார்கள். அதற்கடுத்த சஞ்சிகையில், முன்விளக்கின் வடிவம் பிடிக்காமல் மாற்றுவதால் தாமதம் என்றார்கள். சம்மாட்டியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "விளக்கு எப்பிடி இருந்தால் என்னவாம்? நாங்கள் இஞ்சை அரிக்கன் லாம்போடை இருக்கேல்லையே!" மெழுகுதிரி கிடைக்காத இந்தக் காலத்தில், எங்கேயோ தேடி ஒன்று வாங்கிப் போய்க் கோயிலில் கொளுத்திவிட்டு வந்தார். எதற்கு? கார் கெதியாக வெளியே வரவேண்டும், நல்லாக விலைப்படவேண்டும். ஸ்போர்ட்ஸ் காருக்கு நேர்த்திக்கடன் வைத்த முதல் மனுசர் அவராகத்தான் இருக்கும்.

ஒருநாள் அந்தப் பென்சில் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதிலை எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு பேர்தான் சம்மாட்டியார்."

"ரெண்டு பேர் காணும். அவனும் நானும்."

இன்னொரு சந்தேகமும் அவருக்கு இருந்தது. அவர்கள் பக்கத்தில் புது வள்ளம் இறக்கும்போது பங்குச் சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பார். வள்ளம் கட்டிய ஓடாவியை ஏற்றிக்கொண்டுதான் முதல் ஓட்டம். கட்டினவன் ஏறாத வள்ளத்தில் அவர்கள் யாரும் ஏறமாட்டார்கள். "அங்கையும் அப்பிடித்தானே? என்ரை மகனை ஏத்துவாங்கள்தானே?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு "ஓமோம், ஏத்தாமல்?" என்றோம். என்ன செய்வது?

போன வியாழக்கிழமை கசெற் வந்தது.

கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சம்மாட்டியார் அதைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டு கராஜுக்கு ஓடி வந்தார். "கார் வந்திட்டுதாம்! அன்ரன் கதைச்சு அனுப்பியிருக்கிறான். போடுங்கோ, போடுங்கோ!"

கரண்ட் ஏது, பற்றரி ஏது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் முட்டவிட்டு, ரேப் ரெக்கோடரை அதில் கொழுவினோம். உங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதானே? பெடலைக் கையால் சுற்றுகிற வேலை எனக்கு.

சுற்றினேன். கரகரவென்று ஒரு குரல். "அப்பா... நான் அன்ரன். கார் வந்திட்டுது. உங்கடை கூட்டாளியள் கேக்கட்டும், முதல் அதின்ரை சத்தத்தைக் கேளுங்கோ."

பிறகு வந்தது பாருங்கள் ஒரு உறுமல்!

கனகு அண்ணை எழும்பிவிட்டார். மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் உற்சாகத்தில் வேகமாகச் சுற்ற, கார் சீறிக்கொண்டு பறந்தது. கை களைத்து மெதுவாகச் சுற்ற, கார் ஏற்றத்தில் ஏறுகிற லொறி மாதிரி முக்கித் திணறியது. "மூண்டாம் கியருக்கு மாத்திறான்!" என்று கத்தினார் கனகு அண்ணை. அது கியர் இல்லை அண்ணை, என்ரை கை! ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு காரை நான் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வரப்பார்த்தது.

திரும்பச் சுற்றிப் போட்டோம். இன்னொரு முறையும் போட்டோம். கடைசியில் சம்மாட்டியார் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "பிள்ளையைக் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்."

வெட்கமாகப் போய்விட்டது. விட்டோம்.

நான் சுற்றிய வேகத்தில் குரல் மெலிந்து கீச்சென்று வந்தது. சம்மாட்டியார் என் தோளைப் பிடித்தார். "உப்பிடியே சுத்து தம்பி. அவன் சின்னனிலை உப்பிடித்தான் கதைப்பான்." கை தளர்ந்ததும் குரல் தடித்தது. யாரோ பெரிய ஆம்பிளையின் குரல். அவர் பயந்துபோய் ரெக்கோடரைப் பார்த்தார். எந்த வேகம் சரி? அதை நாங்கள் அவரிடம் கேட்டோம். அவர் எங்களிடம் கேட்டார். எட்டு வருடத்தில் அந்தக் குரல் என்னவாகியிருக்கும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் நடுத்தரமாக ஒரு வேகத்தில் சுற்றினேன். அதுதான் அன்ரன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

"முதல் காரை பக்டறி முற்றத்துக்குக் கொண்டுபோகேக்கை பக்கத்து சீற்றிலை என்னையும் ஏத்தினவங்கள் அப்பா."

"ஏத்தினவங்கள்! கேட்டியளோ, ஏத்தினவங்கள்!" சம்மாட்டியார் ஏ-40 சீற்றில் ஓங்கி அடித்தார். புழுதி பறந்தது.

குரல் தொடர்ந்தது. "கார் நல்லாய் விலைப்படுதப்பா. ஓடர் எக்கச்சக்கம். அதாலை இந்த முறை பக்டறியை மூடேல்லை. லீவு ஒருத்தருக்கும் இல்லையெண்டிட்டினம். அம்மாட்டை நீங்களே பதமாய்ச் சொல்லுங்கோ... வேறை என்னப்பா, சுகமாய் இருங்கோ."

அவ்வளவுதான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். வெறும் நாடாவின் இரைச்சல் வந்தது. நிறுத்தினால் ஏதாவது கதைக்கவேண்டுமே என்ற பயம். கனகு அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சம்மாட்டியார் கசெற்றைக் கழற்றி, சாரன் தலைப்பால் துடைத்து, மறுபடி பையில் வைத்தார். படலைவரை நடந்தார். எனக்கு அவர் முதுகைப் பார்க்க முடியவில்லை. படலையில் நின்று திரும்பினார்.

"மாஸ்ரர்... இதுக்கு அடுத்த மொடல் எப்ப வருமாம்?"

மாஸ்ரருக்குத் தெரியவில்லை. வாசகர்களே, உங்களில் யாருக்காவது தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள் – கூடிய சீக்கிரம் என்று எழுதினாலும் போதும்.