வியாழக்கிழமைக் கத்தி

இது நடந்தது. கதை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. எங்கே போனாலும் மணி, நிமிடம் குறித்து வைப்பேன். அன்று சாயங்காலமும் குறித்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எனக்கு மடக்குக் கத்தி சேர்க்கும் பைத்தியம் உண்டு. எல்லாம் பழைய மாதிரி. எலும்பிலும் கொம்பிலும் மரத்திலும் கைப்பிடி போட்டவை. பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் பலத்தில்தான் நிற்கும். மொத்தம் முப்பத்தொன்று. அதில் ஏழு, தினமும் சட்டைப்பையில் போவதற்கு. கிழமைக்கு ஒன்று.

என் மனைவி அவற்றுக்குச் 'சக்களத்திகள்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"இன்னிக்கு எந்தச் சக்களத்தியோட கிளம்புறீங்க?"

இதைக் கேட்காமல் ஒரு நாளும் என்னை வாசல் தாண்ட விட்டதில்லை.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொரு கத்திக்கும் திறக்கும்போது ஒரு சத்தம். நான் கூடத்தில் ஒன்றைத் திறப்பேன். அவள் சமையலறையில் இருந்தபடியே எது என்று சொல்லிவிடுவாள். வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் கரண்டியால் மேடையில் தட்டுவாள். திங்கட்கிழமைக் கத்திக்கு ஒரு தட்டு. செவ்வாய்க்கு இரண்டு. அப்படியே ஞாயிறுக்கு ஏழு.

தப்பாகச் சொன்னதே இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கத்தியைத் தவிர. அது தேய்ந்துபோனது. திறந்தால் சத்தமே வராது. அதன் பெயர் ஊமை. அதை மட்டும் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். "கள்ளாட்டம் ஆடுறீங்க" என்பாள். ஆடுவது அவள்தான்.

வியாழக்கிழமைக் கத்தி முசுடு. அதன் ஸ்பிரிங் கல் மாதிரி. பாதி திறந்ததும் ஒரு முறை நிற்கும். மறுபடி நகத்தால் இழுத்தால்தான் முழுதாகத் திறக்கும். தட்... டக். இரண்டு சத்தம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் பார்சல் பிரிக்க வேண்டும் என்று முசுட்டை வாங்கிக்கொண்டாள்.

"யப்பா, நகமே பிஞ்சிடும் போல. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நாளைக்கு விடுறேன்."

"உங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் 6.10-க்கு அவள் ஓட்டி வந்த கார் மீது லாரி மோதியது. ஆம்புலன்ஸ் வந்தது 6.35-க்கு. சீட் பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்களாம். டாக்டர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"அடிபட்ட நொடியே போயிருக்கும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதமும் தூங்கினேன். வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை. அவள் பை திரும்பி வந்தது. அதில் முசுடு இல்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் என் சட்டைப்பை காலி. மற்ற ஆறுக்கும் எண்ணெய் போடும் நாளாக அதை ஆக்கிக்கொண்டேன்.

தாளில் நான் குறித்த அந்த நாளும் வியாழன். மழை பிடித்துக்கொண்டது. 5.40-க்கு அக்கா போன் செய்தாள்.

"என்னடா பண்ற?"

"கத்திக்கு எண்ணெய் போடுறேன்."

"அதுங்களை மூட்டை கட்டிப் பரண்ல போடுன்னு எத்தனை தடவை சொல்றது? சாப்பிட்டியா?"

"ம்."

"பொய்."

வைத்துவிட்டாள்.

5.52. திங்கட்கிழமைக் கத்தியைத் துடைத்துத் திறந்தேன். டக்.

சமையலறையில் ஒரு தட்டு.

குழாய் சொட்டுகிறது என்று நினைத்தேன்.

5.54. செவ்வாய். டக்.

இரண்டு தட்டு.

எழுந்து போனேன். குழாய் சொட்டவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. நான் சமைத்து மாதக்கணக்காகிறது. கரண்டி அதன் கொக்கியில்தான் தொங்கியது.

மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று கேட்டால்... அவளோ என்று ஒரு நப்பாசை.

வரிசையை மாற்றிப் பார்த்தேன். 5.59. சனி.

எண்ணினேன். ஆறு.

கடைசியாக ஊமையை எடுத்தேன். இதற்குச் சத்தம் இல்லை. சமையலறையில் இருப்பவளுக்குத் தெரிய வழியில்லை. 6.03. திறந்தேன்.

ஒன்றும் இல்லை.

மழை மட்டும்.

அப்புறம்... தட்டு கேட்டது.

ஏழு.

சமையலறையில் அல்ல.

என் நாற்காலியின் முதுகில்.

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

6.10.

காதுக்குப் பக்கத்தில்...

தட்...

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். முசுடு. அடுத்து டக் வர வேண்டும். காத்திருந்தேன்.

வரவில்லை.

மறுபடி... தட்...

மறுபடி.

கூடவே மூச்சு. அவசர அவசரமாக.

6.20.

தட்...

6.31.

தட்... இப்போது மெதுவாக.

எங்கள் விளையாட்டில் திறப்பவன் நான். சொல்பவள் அவள். இப்போது திறப்பது அவள்.

சொல்ல வேண்டியது நான்.

விரல் மடக்கி மேசையில் தட்டினேன்.

நான்கு.

சத்தம் நின்றது.

மணி 6.35.

மறுநாள் காலை 9.20-க்கு ஒரு ஆள் வந்தார். விபத்தான வண்டிகளை உடைக்கும் கிடங்கில் வேலை செய்பவர். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"நேத்து சாயங்காலம் கடைசியா உங்க வண்டியத்தான் உடைக்க எடுத்தோம் சார். உள்ள யாரோ தட்டுற மாதிரி சத்தம். நாலு தடவை. பூனை கீனை மாட்டிக்கிச்சோன்னு சீட்டைப் பிரிச்சேன். பெல்ட் மாட்டுற இடத்துக்குக் கீழ இது கிடந்துச்சு."

"எத்தனை மணி இருக்கும்?"

"ஆறரை தாண்டியிருக்கும் சார்." பொட்டலத்தை நீட்டினார். "பாத்துப் பிரிங்க. மூடவும் இல்ல, திறக்கவும் இல்ல. பாதியில நிக்குது."

பிரித்தேன்.

பாதியில் நின்றிருந்தது. அலகில் நகம் வைத்து இழுக்கும் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும்.

அதில் ஒரு நகத்துண்டு சிக்கியிருந்தது. விபத்தன்று காலை அவள் பூசியிருந்த அதே சிவப்பு.