இரண்டு வெள்ளைப் பூவும் ஒரு ஃபுல் ஃபிரேம் கமராவும்

இதை எழுத எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது. பேனாவை எடுப்பேன், சாமிப்படத்தைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை வரும் என்று மனைவியிடம் சாட்டுச் சொல்லி வந்தேன். அது முழு உண்மையில்லை. செய்த காரியம் அப்படி. ஆனால் போன மாதம் பென்டில் ஹில் பலசரக்குக் கடையில் ஒரு அன்ரி, ஆள் நான்தான் என்று தெரியாமல், என் கதையை எனக்கே சொன்னார். அதில் பிள்ளையார் வந்து ஒரு கமராக்காரனின் கண்ணை மறைத்ததாக இருந்தது. நன்றாகத்தான் சொன்னார். என்றாலும் நடந்தது அதுவல்ல. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு செவன் ஹில்ஸில், அலுமினிய ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பிள்ளையார் கோயிலில் படம் எடுப்பேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. 2009இல் ஒரு திருவிழாவுக்குக் கமரா கொண்டுபோனேன். அதற்குப் பிறகு கொண்டுபோகாத நாளில் "எங்கை கமரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். மூலஸ்தானத்தை எடுப்பதில்லை. உற்சவர் உள்வீதி சுற்றும்போது எடுப்பேன். அங்கே வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் அடித்தால் ஐயருக்குப் பிடிக்காது. என்னுடையது கிராப் கமரா, உள்ளே இருக்கும் சென்சர் சிறியது. இருட்டில் எடுத்தால் பிள்ளையாரின் முகம் புள்ளி புள்ளியாக, அம்மை போட்டது போல விழும். அது என் மனதைப் போட்டு அறுத்தது.

2012 கடைசியில் கமராவை மாற்றுவது என்று முடிவு செய்தேன். புதிய கிராப்பா, ஃபுல் ஃபிரேமா என்பதுதான் கேள்வி. தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வேலை செய்தவர் மதுரைக்காரர், என்னைவிட இளையவர், கமரா விஷயம் தெரிந்தவர். சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு.

"அண்ணே, ஃபுல் ஃபிரேம்னா பெரிய ஜன்னல். கிராப்னா சின்ன ஜன்னல். தெரு ஒண்ணுதான். பெரிய ஜன்னல்ல வெளிச்சம் கூட வரும்."

"அந்த வெளிச்சம்தான் தம்பி எனக்கு வேணும்."

"எதுக்குண்ணே? நீங்க எடுக்கிறதை எல்லாரும் போன்லதான் பாக்குறாங்க. போன்ல பிள்ளையார் கட்டைவிரல் சைஸ். அதுல புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"பிள்ளையார் பாப்பார்."

"அவரு மூஞ்சி அவருக்குத் தெரியும்ணே."

அன்று மாலையே விலை விசாரித்தேன், ஃபுல் ஃபிரேம் இரண்டு மடங்கு. ஆசை பதிலுக்காகக் காத்திருப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஜன்னல் சட்டம் தூக்கி என் முதுகு பிடித்து, ஒரு மாதம் படுக்கையில் கிடந்தேன். நான் எழும்பி நடந்தால், ஒரு நாள் கார் ஓட்டத்தில் இருக்கும் மெல்பேர்ன் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்வதாக மனைவி நேர்ந்து வைத்திருந்தாள். நான் நடந்தேன், ஓடவும் செய்தேன். நேர்த்தி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கிராப் வாங்கினால் மெல்பேர்னும் போகலாம். ஃபுல் ஃபிரேம் வாங்கினால் அந்த வருடமும் மெல்பேர்ன் இல்லை. அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இஞ்சை பாருங்கோ, எனக்கு ஒண்டும் தெரியாது. பூக்கட்டிப் பாப்பம். பிள்ளையார் என்ன சொல்லுறாரோ அது."

வெள்ளிக்கிழமை காலை. வாசல் றோசாவில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. வெள்ளை வந்தால் ஃபுல் ஃபிரேம், சிவப்பு வந்தால் கிராப்பும் மெல்பேர்னும். பூக்களைக் கடதாசியில் பொதி செய்வது என் வேலை, எடுப்பது அவள் வேலை. அவள் குசினியில் விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போயிருந்தாள். என் கை இரண்டாவது வெள்ளைப் பூவைப் பறித்தது. கை என்று எழுதுகிறேன், வேறு யாருடையதோ போல. என் கைதான். சிவப்பைச் சேர்ட் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு பொதியிலும் வெள்ளையை வைத்தேன்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடும்," என்றேன்.

எடுத்தாள், பிரித்தாள், பார்த்தாள். "வெள்ளை," என்றாள். "சரி, அவர் சொல்லிட்டார். வாங்குங்கோ." குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. ஆனால் அடுத்த நாளே கடைக்குப் போகும் அளவுக்கு மிச்சம் வைத்துத் தின்றது.

கடைக்காரர் எந்த லென்ஸ் என்று கேட்டார். "லென்ஸ் வீட்டில் இருக்கிறது," என்று பெரிய ஆள் போலத் தலையாட்டினேன். கமராவை மட்டும் வாங்கி வந்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெட்டியோடு சாமிப்படத்தின் முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதுவானாலும் அப்படித்தான். முதல் படம் பிள்ளையாராகத்தான் இருக்க வேண்டும் என்று, சும்மா ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை, பதினாலு நாளும், காலையும் மாலையும் அதன் முன்னால் நின்று கும்பிட்டேன்.

திருவிழா நாள். மேளம் முழங்க உற்சவர் உள்வீதிக்கு வந்தார். என் பழைய அகல லென்ஸைப் புதுக் கமராவில் பூட்டி, கண்ணை வைத்தேன்.

நடுவில் பிள்ளையார். சுற்றிவரக் கறுப்பு. கிணற்றுக்குள் கிடந்து மேலே பார்ப்பது போல.

கமராவை இறக்கினேன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஏற்றினேன், கறுப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தேன். இன்னும் அகலமாகப் பார்ப்போம் என்று லென்ஸைத் திருகினேன், கறுப்பு இன்னும் நெருங்கி வந்தது. நான் கூடப் பார்க்க ஆசைப்பட ஆசைப்பட அவர் தன்னை மூடிக்கொண்டே போனார். மற்ற எல்லாருக்கும் முழுதாகத் தெரிகிற சாமி, என் கமராவுக்குள் மட்டும் ஒளிக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம்தானே இருக்க முடியும்?

பெண்கள் பக்கம் போய், அர்ச்சனைத் தட்டோடு நின்ற மனைவியின் காதருகே குனிந்தேன். தவில் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா?"

"பிள்ளையார் என்னைத் தண்டிச்சிட்டார்."

"ஆர் வந்திட்டார்?"

நெஞ்சைத் திறந்து முழுக் குரலில் சொன்னேன்: "நான் கள்ளம் செய்தனான். ரெண்டு பொதியிலையும் வெள்ளைப் பூதான் வைச்சனான்."

தீபாராதனைக்காக மேளம் சட்டென்று நின்றது, நான் 'ரெண்டு பொதியிலையும்' என்ற இடத்தில். மிச்சம் மண்டபம் முழுவதற்கும் கேட்டது. ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அன்னதானத்தை நம்பி வந்திருந்த மதுரைக்காரர்தான் என்னைத் தூணோரம் இழுத்துப் போனார். கமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார், லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது கிராப்புக்குச் செஞ்ச லென்ஸ். சின்ன ஜன்னல் அளவுக்குத்தான் வெளிச்சத்தை உள்ள விடும், பெரிய ஜன்னலோட ஓரத்துக்கு எட்டாது. சுத்திவர இருட்டாத்தான் வரும்."

"அப்ப பிள்ளையார் மறைக்கேல்லையோ?"

"அவருக்கு வேற வேலை இல்லையாண்ணே?"

காரில் வீட்டுக்கு வரும் வழியில், செய்ததை முதலிலிருந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"மற்றப் பொதியில சிவப்பு இருக்கும், அதையும் படத்திலை வைப்பம் எண்டு அண்டைக்கே பிரிச்சனான், அதுவும் வெள்ளை. ரெண்டு வெள்ளையையும் சேத்துத்தான் வைச்சனான். ரெண்டு கிழமையா உங்கட கண்ணுக்கு முன்னாலைதான் காஞ்சு கிடந்தது. நீங்கள் எங்கை பாத்தனீங்கள்? நீங்கள் கமராப் பெட்டியையெல்லோ கும்பிட்டனீங்கள்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவியள். ஒண்டு காணும் எண்டு விட்டிட்டன்."

புதுக் கமராவை மதுரைக்காரர் விலைக்கு வாங்கிக்கொண்டார். "கிராப்தான் நல்லது எண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன். "அது உங்களுக்குச் சொன்னதுண்ணே," என்றார்.

தொழிற்சாலையின் அடுத்த விடுமுறையில் பழைய கமராவோடு கேரம் டவுன்ஸ் போனோம். அர்ச்சனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோது பொழுது மங்கியிருந்தது. அவளாகவே "என்னை ஒரு படம் எடுங்கோ," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் படம் அது. எடுத்துக் காட்டினேன்.

"முகமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு."

"அது கிராப்."

"பறவாயில்லை. நான்தான் எண்டு தெரியுது."

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்ல நினைத்தால் உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளையார் மறைக்கவில்லை, லென்ஸ் மறைத்தது. பூ இரண்டும் வெள்ளை, வைத்தது நான். இதில் அற்புதம் கட்டாயம் வேண்டுமென்றால், என் மனைவி எல்லாம் தெரிந்தும் இரண்டு கிழமை வாய் திறக்காமல் இருந்தாளே, அதைச் சொல்லுங்கள். அதையும் கூட்டாமல் குறைக்காமல்.