சன்னமான சத்தம்

ரமாபாய் கல்யாணமாகி வியாசர்பாடிக்கு வந்த புதிதில், தன் புருஷனுக்குத் தன்னைவிடப் பாட்டுதான் உசத்தியோ என்று சந்தேகப்பட்டதுண்டு. நீலமேகம் அப்படிப்பட்ட ஆள். திருவொற்றியூரில் இரும்பு அடிக்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டை நீண்ட இடுக்கியில் பிடித்து, தலைக்கு மேலிருந்து இறங்கும் சுத்தியல் மிஷினுக்கு அடியில் புரட்டிப் புரட்டிக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் முகம் கழுவுவதற்கு முன்பு டேப் ரிக்கார்டரைத்தான் தொடுவார். புத்தர் படத்துக்குக் கீழே அதற்கென்றே ஒரு பலகை அடித்து வைத்திருந்தார். பாட்டு கிளம்பிய பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

சந்தேகம் சீக்கிரமே தீர்ந்துபோனது. பாட்டுக் கேட்டபடியே வெங்காயம் உரித்துத் தருகிற புருஷனை அந்தக் குடியிருப்பில் வேறெங்கே பார்க்க முடியும்? ரமாபாய் பால்வாடியில் ஆயா. எந்தப் பிள்ளை சத்துமாவு உருண்டையை ஜன்னல் கம்பியில் ஒட்டிவைத்தது, எந்தப் பிள்ளை தூக்கத்தில் எழுந்து அவளையே அம்மா என்று நினைத்துக் கட்டிக்கொண்டது என்று தினம் ஒரு கதை கொண்டுவருவாள். கதை வந்ததும் நீலமேகம் பாட்டை நிறுத்திவிடுவார். முழுசாகக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் மறுபடி பட்டனை அழுத்துவார்.

மகள் செங்கொடியை எர்ணாவூரில் கட்டிக்கொடுத்து, வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகுதான் ஏதோ மாறிவிட்டதை ரமாபாய் கவனித்தாள். பாட்டை நிறுத்துவது நின்றுபோனது. அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்.

"இன்னாய்யா, எத்தினி தபா கூப்டறது? காதுல வுழலியா?"

"வுழுந்துச்சிமே. எதோ ரோசனையில கீறேன்."

அந்த 'ரோசனை' அவள் மனதைச் சுட்டது. வயசான பிறகு பெண்டாட்டி பேச்சு சலித்துவிட்டது போல என்று நினைத்தாள். புதுப் படத்துப் பாட்டு எது வந்தாலும் "இதெல்லாம் ஒரு பாட்டா? வார்த்தையே புரியல" என்று கையை உதறிவிட்டு, பழைய கேசட்டுகளையே திரும்பத் திரும்பப் போடுவதும் ஒரு வீம்பாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டாள். சோறு போடும்போது "குழம்பா, ரசமா" என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டுச் சத்தம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது.

அடுத்த வீட்டுக்கு ஷரீஃபுன்னிசா குடிவந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம். ஒரு நர்சிங் ஹோமில் ராத்திரி டூட்டி அவளுக்கு. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். நீலமேகத்துக்குக் காலை ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் மத்தியானமே வீட்டில் கச்சேரி தொடங்கிவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வீங்கிய கண்களோடு வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அண்ணன் ஆசையாக் கேக்குறாரு, எனக்கும் பாட்டு புடிக்கும். ஆனா செவுரே அதிருதுக்கா. தலகாணிய காதுல வெச்சிப் படுத்தாகூட பாட்டு உள்ள வருது."

ரமாபாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. நீலமேகத்திடம் சொன்னால் அவர் அதைவிட வெட்கப்பட்டார். ஒரு வாரம் டேப் ரிக்கார்டரைத் தொடவே இல்லை. வேலைவிட்டு வந்து, பலகையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கின பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ரமாபாய்க்குப் பொறுக்கவில்லை. அவள் பேச்சு சலித்துப்போன புருஷன்தான்; இருந்தாலும் பாட்டில்லாமல் அந்த ஆளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பர்மா பஜார்ல வாக்மேனு விக்கிறானாமே, காதுல மாட்டிக்கினு கேக்கறது. எத்தினி சத்தம் வெச்சாலும் வெளிய வராதாம். வா, நல்லதா பாத்து ஒண்ணு வாங்கியாறலாம்" என்று எதிரே போய் நின்று சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினார்கள். தண்டவாளத்துக்கும் துறைமுகத்துக்கும் எதிரே வரிசையாகப் பெட்டிக்கடைகள். கைக்கடிகாரம், செண்டு, கேமரா, டிவி என்று கப்பல் சாமான்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. 'இன்னா வோணும் சார், வாங்க சார்' என்று இரண்டு பக்கமும் குரல்கள். நீலமேகம் எதற்கும் திரும்பாமல் ராஜா மாதிரி நடந்தார். 'பாரு மிடுக்க' என்று ரமாபாய் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கூச்சல் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கடையில் நின்றார்கள். கிருஷ்ணப்பன் என்று அவர் பெயர். சின்ன வயதில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவராம். வாக்மேன் என்றதும் பளபளவென்று கறுப்பில் ஒன்றை எடுத்துவைத்தார்.

"இதுதான் சார் இப்ப ஓடுது. பேஸ் பட்டன் இருக்கு. அழுத்துனா நெஞ்சுக்குள்ள தம்முதம்முனு அடிக்கும். பசங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்குறாங்க."

நீலமேகம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். "நல்லாத்தான் கீது," என்றார். குரலில் சுரத்தில்லை. கிருஷ்ணப்பன் அதைக் கழற்றி, வெள்ளி நிறத்தில் இன்னொன்றில் ஹெட்போனைச் செருகினார். கேசட்டைப் போட்டு மூடி, பட்டன்மேல் கட்டை விரலை வைத்த நேரத்தில், பக்கத்தில் வந்து நின்ற ஒருவர் கடிகாரத்துக்கு விலை கேட்டார். கிருஷ்ணப்பன் பட்டனை அழுத்தாமலே அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

நீலமேகம் தலையாட்ட ஆரம்பித்தார்.

கண்களை லேசாக மூடிக்கொண்டு, விரலால் கண்ணாடிப் பெட்டியின்மேல் தாளம் போட்டார். "இது சோக்கா கீதுமே. பாட்டு அப்டியே தேனு மாதிரி ஓடுது."

வாக்மேனின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே ரமாபாய்க்குக் கேசட்டின் பல்சக்கரங்கள் தெரிந்தன. இரண்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டதெல்லாம், பதில் வராமல் அவள் அழுததெல்லாம், சொல்லாமல் விழுங்கிய பால்வாடிக் கதைகளெல்லாம் ஒரே மூச்சில் நெஞ்சுக்கு வந்தன. நிமிர்ந்தாள். கடிகாரக்காரரை அனுப்பிவிட்டுத் திரும்பிய கிருஷ்ணப்பனும் அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

"குடுய்யா, நானும் ஒரு தபா கேக்கறேன்."

புருஷனின் தலையிலிருந்து ஹெட்போனை மெல்லக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியே போகிற பஸ் சத்தம்தான் அமுங்கிக் கேட்டது. நீலமேகம் ஆசையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா," என்றாள் ரமாபாய். "தேனுதான்."

பிறகு கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "இன்னும் வேற கீதாண்ணே? இந்த தம்முதம்மு எல்லாம் வோணாம். வார்த்தை தெளிவா கேக்கணும். இவருக்கு... எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள்.

கிருஷ்ணப்பன் குனிந்து, கீழ்த்தட்டில் பின்னால் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்தார். பார்வைக்குக் கட்டையாக, பழசாக இருந்தது. அதன் முகப்பில் மேலும் கீழும் நகர்த்துகிற மூன்று சின்ன குமிழ்கள்.

"இத யாரும் கேக்கறதில்லம்மா, அழகா இல்லன்னு. ஆனா இதுல பாட்டப் பிரிச்சி வெச்சிக்கலாம். இது கனத்த சத்தம், இது நடுவாந்தரம், இது சன்னமான சத்தம். புல்லாங்குழல், ஜால்ரா, 'ஸ்'ஸுனு வர்ற எழுத்து எல்லாம் இதுல வரும்." முதல் குமிழை அடியோடு இறக்கினார். கடைசிக் குமிழை உச்சிக்குத் தள்ளினார். சத்தத்தையும் ஏற்றினார். இந்த முறை பட்டனை அழுத்தி, சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்போனை நீட்டினார்.

நீலமேகம் மாட்டிக்கொண்டார். தலையாட்டவில்லை. தாளம் போடவில்லை. அப்படியே நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ தோளில் கை வைத்துக் கூப்பிட்ட மாதிரி மெதுவாகத் திரும்பி ரமாபாயைப் பார்த்தார்.

"ஜால்ரா அடிக்கிறாங்கமே," என்றார்.

கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். பிறகு, "இது புதுப் பாட்டாச்சே? யார்மே பாட்றது? பொம்பளை... நல்லா பாடுதே!" கண் கலங்கியதை மறைக்க அவர் துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். கிருஷ்ணப்பன் பாட்டு முடியும்வரை அவசரப்படுத்தவில்லை. அந்தச் சோதனைக் கேசட்டையும் அதோடேயே சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

பீச் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ரமாபாய் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"எத்தினி நாளா கேக்கலய்யா?"

நீலமேகம் வாக்மேனை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"தெர்லமே. சடார்னு போவல. மொதல்ல குருவி சத்தம் போச்சு. அப்றம் பேச்சுல பாதி. வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறேன். நீ அடுப்பாண்ட திரும்பி நின்னுகினு பேசுனா ஒண்ணியும் தெரியாது."

"அப்ப பாட்டு?"

"பழைய பாட்டுக்கு காது எதுக்கு? மேளம் கேட்டா போதும், மீதி மனசுல ஓடும். புதுசுதான் வராது."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"எங்கூட வேல செஞ்ச தாமோதரனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சதும் மிஷின்லேர்ந்து எட்த்துட்டு, யார்டுல கசடு அள்ள வுட்டாங்க. எல்லாரும் செவிடு செவிடுன்னே கூப்டாங்க. நீ அப்டி கூப்ட மாட்டே, தெரியும். ஆனா நீ பாவம்னு பாப்பியே... அதான்."

"பாவம்னு பாத்திருந்தா தேவலையே," என்றாள் ரமாபாய். "திமிருன்னு இல்ல நெனச்சேன்! இத்தினி வருசமா உன்னிய மனசுக்குள்ள திட்டிகினே கீறேன்யா." சிரிக்கத்தான் பார்த்தாள்; அழுகைதான் வந்தது. அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். வந்து நின்ற ரயில் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. அடுத்த ரயிலில் போனார்கள்.

அதன் பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக் காதுப் பிரிவில், சுத்தியல் சத்தத்தில் நரம்பு தேய்ந்துபோனது திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று கிடைத்தது. தட்டு வைக்கிற சத்தமெல்லாம் இடி மாதிரி கேட்கிறது என்று நீலமேகம் அதைப் பாதி நாள் கழற்றியே வைத்தார். கம்பெனியில் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். பயந்த மாதிரி கசடு அள்ள விடவில்லை. கருவிகள் வைக்கிற அறையில் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். மிஷினை விட்டு வந்த வருத்தம் அவருக்குக் கொஞ்ச நாள் இருந்தது. கூட வேலை செய்த ஒருவர் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "எனக்கும் அப்டித்தான் நீலு, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டபோது அந்த வருத்தம் பாதியாகக் குறைந்தது.

வீட்டில் ரமாபாய் அடுப்பை இடம் மாற்றிப் போட்டாள், சமைக்கும்போது அவர் பக்கம் பார்த்து நிற்கிற மாதிரி. அரிசி பொங்கும்வரை பால்வாடிக் கதைகள் மறுபடி ஓடின. விட்டுப்போன வருஷங்களின் கதைகளையும் தேடித்தேடிச் சொன்னாள். கதை கேட்கும்போது அவர் வாக்மேனைக் கழற்றிவிடுவார்.

புதுப் பாட்டுக் கேசட்டுகள் பலகையில் சேர ஆரம்பித்தன. ஒரு நாள் நீலமேகம் குளித்துக்கொண்டே புதிதாகக் கற்ற பாட்டைப் பாடினார். ரமாபாய் கையிலிருந்த கரண்டியோடு சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தலையோடு வந்தவர் முன்னால் போய் நின்று, "இன்னாய்யா பாட்றே? 'உன் விறகு'ன்னா? அது சிறகுய்யா, சிறகு!" என்றாள்.

"விறகுதாமே. நல்லா கேட்டேன்."

"ஒரு ஆம்பளை பொம்பளைய பாத்து உன் விறகுன்னு பாடுவானா?"

இரண்டு பேருக்கும் பிடிவாதம். வாக்மேனை எடுத்துவந்து அந்த இடத்துக்குக் கேசட்டைச் சுற்றினார்கள். தாண்டிப் போனது. திரும்பச் சுற்றினார்கள். கடைசிக் குமிழ் எப்படியோ இறங்கியிருந்தது. அதை உச்சிக்குத் தள்ளிவிட்டு நீலமேகம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இன்னா, சிறகா?"

"சிறகுதான்," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா விறகும் நல்லாத்தான்மே கீது." அடுத்த நாளும் குளிக்கும்போது விறகு என்றே பாடினார், அவள் கேட்டுச் சிரிக்கட்டும் என்று.